விரல் வருது, ஒதுங்கு

புது டிரைவ மாட்டினா பழைய டிரைவ் காணாமப் போகும்னு யாராவது சொன்னா நம்புவீங்களா? டார்ச்சும் நம்பல. காலைல எழுந்து பல்லு கூட வெளக்காம கம்ப்யூட்டர் முன்னாடி குத்த வெச்சு உக்காந்து, ஸ்க்ரீன மேலயும் கீழயும் ஓட்டி ஓட்டிப் பாக்குறான். நேத்து சாயங்காலம் மாட்டின புது டிரைவ் ஜம்முனு நிக்குது. பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் ஆளே இல்ல. ஆள் இல்லன்னா சுத்தமா இல்ல. அதுலதான் படம் மொத்தமும் இருக்கு.

என்ன படம்னு கேக்குறீங்களா? இன்னிக்கு சாயங்காலம் டாக்டரோட கல்யாண ரிசப்ஷன். அங்க பெரிய திரை கட்டிப் போடப்போற படம். டார்ச் எடுத்து, டார்ச் வெட்டி ஒட்டின படம். ஏழு மணிக்குப் போடணும்.

டாக்டர்னா ஊசி போடுற டாக்டர் இல்ல. அவன் ஒரு கம்பெனில கணக்குப் பாக்குறவன். ஆனா அந்த மாடில யாரோட கம்ப்யூட்டர் படுத்தாலும் சட்டைப் பைல ஸ்க்ரூடிரைவரோட போய் நின்னுடுவான். அதனால டாக்டர். அவன் ஆபரேஷன் பண்ணும்போது பக்கத்துல நின்னு லைட் அடிக்கிறவன் டார்ச். பேரு வெச்சதும் டாக்டர்தான். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வருஷக்கணக்கா கிடந்தவங்க. இந்த மெஷினக் கூட ரெண்டு பேரும் சேந்துதான் கட்டினாங்க, ஒவ்வொரு பாகமா வாங்கி வாங்கி.

டாக்டருக்குன்னு ஒரு முறை உண்டு. வேலைய வாயாலயே செய்வான். "பவர் ஆஃப்?"னு அவன் கேப்பான். "ஆச்சு"ன்னு டார்ச் சொல்லணும். "ஸ்க்ரூ எண்ணி வெச்சியா?" "ஆச்சு." பதில் வந்தாத்தான் கை அடுத்த இடத்துக்கு நகரும். தூங்கி வழிஞ்சு ஒரு "ஆச்சு" லேட்டா வந்தா, "என்னடா, பேஷண்ட் போயிட்டானா?"ன்னு மண்டைல தட்டுவான்.

மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் வேலை மாத்திக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டான். பொண்ணும் அந்த ஊர்தான். பஸ்ல நாலு மணி நேரம். போகும்போது மெஷின நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டான். இப்ப ரூம்ல ரெண்டு கட்டில். ஒண்ணுல டார்ச் தூங்குறான், இன்னொண்ணுல துவைச்ச துணி தூங்குது. வேலையும் வீட்லயேதான், யாரோ வீடு விக்கிறதுக்கு எடுத்த வீடியோவ வெட்டிக் குடுக்கிற வேலை. காலி ஹால், காலி கிச்சன், காலி பால்கனி. சில நாள் டீக்கடைல "ஒரு டீ"ன்னு சொன்னதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சுடும்.

சரி, டிரைவ் கதைக்கு வருவோம். வெட்டி ஒட்டினத எல்லாம் ஒரே படமா சேத்து எடுக்குறதுக்கு, அதான் ரெண்டர் பண்றதுக்கு, பழைய டிஸ்க்ல இடம் பத்தல. அதனாலதான் புதுசு வாங்கினது. சூயிங்கம் சைஸ்ல இருக்கும், நேரா மதர்போர்டுல படுத்துக்கும். படுக்குற இடம்தான் தகராறு. பிராசசர் மேல டாக்டர் ஆசைப்பட்டு வாங்கி மாட்டின கூலர் இருக்கே, செங்கல் கணக்கா ஒரு இரும்பு அடுக்கு, அதோட வயித்துல ஒரு ஃபேன், சரியா அதுக்கு அடில. கூலரத் தூக்கினாத்தான் டிரைவ் உள்ள போகும். நேத்து டார்ச் தனியா தூக்கினான். வாய்ல செல்போன கவ்விக்கிட்டு லைட் அடிச்சான். பிராசசர் சூட்ட கூலருக்குக் கடத்துற பழைய பேஸ்ட்ட துடைச்சான், புதுப் பேஸ்ட் வெச்சான், டிரைவ மாட்டினான், கூலர உக்கார வெச்சான். தன்னந்தனியா முதல் ஆபரேஷன். எச்சில் ஒழுகினத தவிர எல்லாம் சுத்தம்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிட்டான்.

இப்ப பழைய டிஸ்க் இல்ல.

மூஞ்சி கழுவிட்டு கீழ ஓடினான். தெருமுனைல, டிரைவ் வாங்கின கம்ப்யூட்டர் கடை. கடைக்காரக்கா அப்பத்தான் ஷட்டர முக்கி முக்கித் தூக்கிட்டிருந்தாங்க. இவனும் ஒரு கை குடுத்தான்.

"என்ன டார்ச்சு, காலங்காத்தால? டிரைவ் ஓடலயா?"

"அது ஓடுதுக்கா. பழசு செத்துடுச்சு."

"தானா செத்துச்சா, நீ கொன்னியா?"

"புதுச மாட்டினேன், அவ்வளவுதான்க்கா. சத்தியமா."

அக்கா அவன் போன வாங்கி, அவன் எடுத்து வெச்சிருந்த மதர்போர்டு போட்டோவ ரெண்டு விரலால இழுத்துப் பாத்தாங்க. "பழசோட வயர எங்க குத்தியிருக்க? இந்த ஓரத்துலயா? அதான். உன் போர்டுல இந்தப் புது டிரைவுக்கும் அந்த ஓரத்து சாக்கெட்டுக்கும் ஒரே பாதை. இது உள்ள வந்தா அது கதவ சாத்திக்கும். சாகல கண்ணு, வெளிய நிக்குது. வயர உருவி மேல இருக்கிற சாக்கெட்ல குத்து, வந்துடும்."

"இத யாருக்கா சொல்லுவாங்க? எங்கயாச்சும் எழுதி ஒட்டக்கூடாதா?"

"போர்டோட ஒரு புக் வந்திருக்குமே, அதுல இருக்கும். எங்க அது?"

அந்த புக் டாக்டரோட கட்டில் கால் ஆடக்கூடாதுன்னு அடில மடிச்சு வெச்சிருக்கு.

"அது சரி, உன் ஜோடி எங்க? ரொம்ப நாளா ஆளக் காணோம்."

"இன்னிக்கு அவனுக்கு ரிசப்ஷன்க்கா."

"அட! அப்ப நீ இங்க என்ன பண்ணிட்டிருக்க?"

மத்தியான பஸ்ல போறேன்க்கான்னு சொல்லிட்டு படியேறி வந்துட்டான்.

வயர மாத்திக் குத்தினதும் பழைய டிஸ்க் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நின்னுச்சு. டார்ச்சுக்கு அழுகையே வந்துடும் போல ஆயிடுச்சு. பூட்டின வீட்டுக்குள்ள ஆள் இருந்த மாதிரி எல்லாம் அப்படியே இருக்கு. டாக்டர் சோப்பு நுரையோட கதவத் தொறந்து திட்டுறது, டாக்டர் ஸ்க்ரூவ வாய்ல வெச்சுக்கிட்டு பாடுறது, மழைல குடை திருப்பிக்கிட்டது. பொண்ணோட தோழி அனுப்பின பொண்ணோட க்ளிப்பும் இருக்கு. டார்ச் மட்டும் எதுலயும் இல்ல. எப்படி இருப்பான்? லைட்டுக்குப் பின்னாடியில்ல நின்னான்? குரல் மட்டும் இருந்துச்சு, அங்கங்க "ஆச்சு", "ஆச்சு"ன்னு. அதையும் அவனே மியூட் பண்ணிட்டான். கல்யாணப் படத்துல நடுவுல எவனோ ஒருத்தன் கத்தினா பாக்குறவங்க யாருடா இவன்னு கேக்க மாட்டாங்களா?

ரெண்டர அழுத்திட்டுக் குளிக்கப் போனான். இஸ்திரி போட்ட சட்டை ஆணில தொங்குது, பை கதவுகிட்ட ரெடி. மெஷின் வழக்கத்த விட சத்தம் கம்மியா ஓடுச்சு. புது டிரைவ் மகிமைன்னு நினைச்சு ஒரு பாட்டு கூட பாடினான். தலைல சோப்பு இருக்கும்போது ரூம் சட்டுனு அமைதியாயிடுச்சு. அமைதின்னா எப்படி? பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேக்குற அமைதி.

துண்டோட ஓடி வந்து பாத்தா ஸ்க்ரீன் கருப்பு. மெஷின் தானா ஆஃப் ஆயிருக்கு. மேல கை வெச்சான், எடுத்துட்டான். சுட்டுச்சு.

மறுபடி போட்டான். இந்தத் தடவ சூடு காட்டுற நம்பரத் தொறந்து வெச்சுக்கிட்டு ரெண்டர அழுத்தினான். நம்பர் அடுப்புல வெச்ச பால் மாதிரி ஏறுது. கண்ணு முன்னாடியே பொங்கி, டப்புனு ஆஃப்.

சரி, காத்து பத்தலன்னு கேபினட் பக்கவாட்டு மூடியக் கழட்டினான். டேபிள் ஃபேனத் தூக்கிட்டு வந்து முழு வேகத்துல உள்ள பாத்து வெச்சான். மெஷினப் போட்டு எட்டிப் பாத்தான். கூலர் ஃபேன் சர்ருனு சுத்துது. அப்ப ஃபேன்ல கோளாறு இல்ல. வேற என்ன? பேஸ்ட்தான். நேத்து கம்மியா வெச்சுட்டமோ? கூலரக் கழட்டினான், துடைச்சான், கொஞ்சம் தாராளமா வெச்சான், மாட்டினான். இந்தத் தடவ பாதி வரைக்கும் போச்சு. டார்ச் பையத் தோள்ல மாட்டிக்கிட்டே நின்னு பாத்தான். பாதியத் தாண்டினதும் ஆஃப்.

மத்தியான பஸ் போயிடுச்சு. அவன் பையத் தோள்லேந்து எறக்கக்கூட இல்ல, அப்படியே கட்டில்ல உக்காந்தான்.

இந்த மாதிரி நேரத்துல போன் பண்ணிக் கேக்க உலகத்துலயே ஒருத்தன்தான் உண்டு. அந்த ஒருத்தன் இன்னிக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு போன் பண்ணி கூலர் பேஸ்ட் பத்திக் கேக்க முடியுமா? கை கேக்கல, அழுத்திட்டான். எடுத்தது டாக்டரோட அக்கா.

"யாரு, டார்ச்சா? எங்கப்பா இருக்க? இங்க உன் ஃபிரண்டு மூஞ்சில ஒரு டப்பா மாவ அப்பிட்டிருக்காங்க, கண்ணு மட்டும்தான் வெளிய தெரியுது."

பின்னாடி டாக்டர் குரல், வாயத் தொறக்காம பேசுற குரல்: "யாருக்கா?"

"வாய அசைக்காதடா, வெடிச்சுடும்! டார்ச்சுடா. ஏம்ப்பா, படம் ரெடிதான? திரை கட்டியாச்சு. பொண்ணு வீட்ல அத்தை, சித்தி, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். மானத்த வாங்கிடாத."

"ரெடிக்கா."

"நீ எப்ப வர?"

"வந்துட்டே இருக்கேன்க்கா."

வெச்சுட்டு, ஆணில தொங்குற சட்டைய ஒரு தடவ பாத்தான். உடனே அம்மா போன். அம்மாங்களுக்கு எப்படித்தான் தெரியுமோ.

"பஸ் ஏறிட்டியா? ஜன்னல் சீட் கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"என்னடா, பஸ் சத்தமே கேக்கல?"

"சிக்னல்ல நிக்குது."

"அங்க போய் ஓரமா நிக்காத. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. நடுவுல போய் நில்லு, போட்டோல வரணும்."

சரிம்மான்னு வெச்சான். வெயில் ஜன்னல் விட்டு எறங்கி, துணி தூங்குற கட்டில் மேல விழுந்திருந்துச்சு. தெருவுல யாரோ வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாம உதைச்சுட்டே இருந்தாங்க. அதுவும் ஒரு கட்டத்துல நின்னு போச்சு.

இனிமே ஒரே வழி. டாக்டர் இல்லன்னா என்ன, டாக்டரோட முறை இருக்குல்ல? டார்ச் நேரா தரைல உக்காந்தான். செல்போன் லைட்ட கைல புடிச்சான். மெஷினோட சுவிட்சையும் டேபிள் ஃபேனையும் ஆஃப் பண்ணான். தொண்டையக் கனைச்சுக்கிட்டு, டாக்டர் மாதிரியே மூக்கால கேட்டான்.

"பவர் ஆஃப்?"

"ஆச்சு"ன்னு அவனே சொன்னான். யாராவது கேட்டா பைத்தியம்னு நினைப்பாங்க. கேக்கத்தான் யாரும் இல்லயே.

"பழைய பேஸ்ட் துடைச்சாச்சா?"

"ஆச்சு."

"கூலர் சமமா உக்காந்துச்சா?"

"ஆச்சு."

"ஸ்க்ரூ எதிர் எதிர் மூலையா முறுக்கினியா?"

"ஆச்சு."

"மூடு."

மூடுன்னு சொல்றதுக்கு ஒரு நொடி முன்னாடி ஒரு விஷயம் நடந்துச்சு. டார்ச்சோட தலை தானா இடது பக்கம் சாஞ்சு ஒதுங்குச்சு. லைட் புடிச்ச கையும் கூடவே ஒதுங்குச்சு. யாருக்கோ வழி விடுற மாதிரி.

நான் ஏன் ஒதுங்கினேன்?

மறுபடி செஞ்சு பாத்தான். "ஸ்க்ரூ எதிர் எதிர் மூலையா?" "ஆச்சு." தலை மறுபடி சாயுது. ஏன்னா அந்த இடத்துல டாக்டர் எப்பவும் ஒண்ணு சொல்லுவான். கேள்வி இல்ல, அதுக்கு "ஆச்சு"வும் இல்ல. "விரல் வருது, ஒதுங்கு"ன்னு சொல்லிட்டு, டார்ச்சோட காதுக்குப் பக்கத்துல கைய விட்டு உள்ள எதையோ அழுத்துவான். டாக்டருக்குப் பொண்ணுங்க விரல் மாதிரி மெலிசான விரல். டார்ச் விரல் வாழைக்கா மாதிரி இருக்கும், அந்தச் சந்துக்குள்ள போகாது. அதனால அந்த வேலைய மட்டும் டாக்டர் யாரையும் கேக்காம அவனே செஞ்சுடுவான். இத்தன வருஷத்துல அது என்ன வேலைன்னு டார்ச் ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. அவன்தான் ஒதுங்கிட்டானே!

விரல் போற இடத்துக்கு லைட்ட அடிச்சான். போர்டு மேல, கூலருக்கும் விளிம்புக்கும் நடுவுல, சின்னதா நாலு பின்னு. மேல ஒண்ணும் இல்லாம மொட்டையா நிக்குது. கூலர் ஃபேனோட வயர் கீழ மடங்கிக் கிடக்கு. முந்தாநேத்து வரைக்கும் அது அந்தப் பின்னுல இருந்திருக்கும். நேத்து கூலரத் தூக்கும்போது இழுபட்டு உருவிக்கிட்டு வந்திருக்கு.

ஆனா ஃபேன் சுத்துச்சே? கண்ணால பாத்தோமே?

முன்ன மாதிரியே டேபிள் ஃபேனையும் மெஷினையும் போட்டான். கூலர் ஃபேன் சுத்துது. எட்டி டேபிள் ஃபேன ஆஃப் பண்ணான். டேபிள் ஃபேன் வேகம் குறைய, உள்ள இருக்கிற ஃபேனும் கூடவே குறைஞ்சு, இன்னும் ரெண்டு சுத்து சோம்பலா சுத்தி, நின்னுடுச்சு. இவ்வளவு நேரமும் வெளிக்காத்துலதான் ஓடியிருக்கு, திருவிழாக் கடைல விக்கிற காத்தாடி மாதிரி. ஃபேன் ஓடலன்னா மெஷின் ஆரம்பிக்கும்போதே ஒரு எச்சரிக்கை வரும். அது சும்மா சும்மா வந்து உயிர எடுக்குதுன்னு டாக்டர்தான் எப்பவோ அணைச்சு வெச்சான்.

டார்ச் சிரிச்சான். சிரிப்பு ரூம்ல ஒரு மாதிரியா கேட்டுச்சு, நிறுத்திட்டான்.

மெஷின ஆஃப் பண்ணிட்டு விரல விட்டுப் பாத்தான். போகல. ஒரு பென்சில எடுத்து, வயர் முனைய பின்னு மேல வெச்சு, பென்சில் பின்பக்கத்தால அழுத்துறதுக்கு முன்னாடி, "விரல் வருது, ஒதுங்கு"ன்னு சொன்னான். சொல்லிட்டு அவனே ஒதுங்கினான். அதனால முதல் தடவ குறி தப்பிடுச்சு. ரெண்டாவது தடவ ஒதுங்காம அழுத்தினான். டிக்குனு உக்காந்துச்சு.

மெஷினப் போட்டதும் கூலர் ஃபேன் உர்ருனு கெளம்புச்சு பாருங்க! இந்தச் சத்தம்தான். நேத்துலேந்து ரூம்ல எது கொறையுதுன்னு இப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சுச்சு.

ரெண்டர அழுத்தப் போன விரல் ஒரு நிமிஷம் நின்னுச்சு. மணி பாத்தான். நேரம் இருக்கு, ஆனா தாராளமா இல்ல. மியூட் பண்ணி வெச்ச குரல ஒவ்வொண்ணா தேடித் தொறக்கல, மொத்தமா ஒரே தட்டுல தொறந்துவிட்டான். யாருடா இவன்னு கேட்டா கேக்கட்டும். அப்புறம் அழுத்தினான்.

நம்பர் ஏறுச்சு, பாதி வழில நின்னுச்சு, அங்கயே ஆடிட்டிருந்துச்சு. பொங்கல. டார்ச் எழுந்து போகல, தண்ணி கூடக் குடிக்கல. படம் முடிஞ்சு, டாக்டரோட அக்காவுக்கு அனுப்பி, அந்தப் பக்கம் போய்ச் சேந்துடுச்சுன்னு குறி விழுந்தப்பதான் காலைலேந்து ஒண்ணும் சாப்பிடலன்னு வயிறு சொல்லுச்சு. பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்தான். ஏழு மணி ஆச்சு. இந்நேரம் லைட்ட அணைச்சிருப்பாங்க. இந்நேரம் சோப்பு நுரை சீன். இந்நேரம் குடை.

பிஸ்கட் தீந்த பின்னாடி வீடியோ கால் வந்துச்சு. டாக்டர். கோட்டு சூட்டு, கழுத்து நிமிந்து, மூஞ்சி யாரோ மாதிரி பளபளன்னு இருக்கு. சுத்தி ஒரே இரைச்சல்.

"டேய் டார்ச்! எங்கடா நீ? கூட்டத்துல தேடுறேன் தேடுறேன்..."

"ரூம்லடா."

"ரூம்லயா? ஏண்டா?"

"மெஷின் சூடாகி சூடாகி ஆஃப் ஆயிட்டே இருந்துச்சு. டிரைவ் மாட்டக் கூலரக் கழட்டினேன்..."

டாக்டர் முடிக்க விடல. "ஃபேன் வயர் குத்தினியா?"

டார்ச் இல்லன்னு தலைய மட்டும் ஆட்டினான்.

"ஆமால்ல," டாக்டர் குரல் கொஞ்சம் எறங்குச்சு. "அத நான்தான குத்துவேன் எப்பவும். உங்கிட்ட சொன்னதே இல்லல்ல." ஒரு நொடி அந்தப் பளபள மூஞ்சிக்குள்ளேந்து பழைய ஆள் எட்டிப் பாத்தான். "எதால குத்தின? உன் வாழைக்கா விரல் போகாதே."

"பென்சிலால."

"பேஷண்ட் பொழைச்சுட்டானா?"

"ஆச்சு."

அவன் ஆச்சுன்னு சொன்னதும் அந்தப் பக்கம் எங்கேந்தோ ஒரு வாண்டுக் கூட்டம் "ஆச்சூ!"ன்னு கத்துச்சு. டாக்டரோட அக்கா தலைய நீட்டினாங்க. "கேட்டியா? உன் குரல் வர்ற எடத்துல எல்லாம் இந்தப் பசங்க கூடச் சேந்து கத்திக் கூரையப் பிச்சுட்டாங்க. பொண்ணோட சித்தி கேக்குறாங்க, யாருப்பா அந்த ஆச்சுன்னு. வந்துட்டே இருக்கேன்னு சொன்னியேடா, பொய்க்காரா!"

"காலைல கல்யாணத்துக்காவது வந்துடுடா," டாக்டர் சொன்னான். "விடியறப்ப ஒரு பஸ் இருக்குல்ல? முன்னாடி வந்து நில்லு, என்ன?" யாரோ அவன் தோளப் புடிச்சுத் திருப்பினாங்க. போன் யார் கைக்கோ போச்சு, மேல் கூரை தெரிஞ்சுது, கலர் லைட்டு தெரிஞ்சுது, கட் ஆயிடுச்சு.

டார்ச் சட்டைய மடிச்சு பைல வெச்சான். விடியறப்ப எழுப்ப அலாரம் வெச்சான். டாக்டரோட கட்டில் மேல இருந்த துணிய எடுத்து மடிச்சு அடுக்கினான், ஏன்னு அவனுக்கே தெரியல. கேபினட் மூடிய தோளால முட்டுக் குடுத்து, ஒத்தைக் கையால ஸ்க்ரூ முறுக்கி மூடினான்.

வேலை இல்லாததால மெஷின் மெல்ல மெல்ல ஆறுச்சு. ஆற ஆற ஃபேன் சத்தம் எறங்கி, எறங்கி, பக்கத்து வீட்டுக் கதவு சாத்துறது கேக்குற அளவுக்குப் போயிடுச்சு.

அவன் வந்து உக்காந்தான். படம் போய்ச் சேந்தாச்சு, பாத்தாச்சு, சிரிச்சாச்சு. இனிமே அது யாருக்கும் வேணாம். இருந்தாலும் அதே படத்த மறுபடி தொறந்து, ரெண்டர அழுத்தினான்.

நம்பர் ஏறுச்சு. ஃபேன் உர்ருனு எழுந்துச்சு. டார்ச் ரூம் லைட்ட அணைச்சுட்டு, அந்தச் சத்தத்துப் பக்கமா தலைய வெச்சுப் படுத்துக்கிட்டான்.